மெதுவாகப் போன ரயில், பறக்கும் பாட்டு

‘உயிரே’ படத்தின் ‘தைய்யா தைய்யா’ பாட்டில் நீலகிரி மலை ரயில் பறக்கிறது. அந்தத் தடத்தில் போய்வந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கல்லாறு தாண்டி, பல்சக்கரத்தால் தண்டவாளப் பற்களைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது அதன் உச்ச வேகமே மணிக்கு 13 கி.மீ.தான். பல்சக்கரம் இல்லாத குன்னூர்–ஊட்டிப் பகுதியிலும் 30-ஐத் தாண்டாது.

1998-ல் வெளிவந்த இந்தப் படத்துக்காக மணிரத்னமும் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனும் நடன இயக்குநர் ஃபரா கானும் அதன் கூரைமேல் ஆட்களை ஏற்றினார்கள். இந்த வேகக்குறைவுதான் அவர்களுக்கு வசதி; எக்ஸ்பிரஸ் ரயிலின் கூரையில் யார் ஆடுவது? பிறகு பறப்பது போன்ற உணர்வு எங்கிருந்து வந்தது?

தடத்தை ஒட்டிய மரங்களிலிருந்துதான். ரயில் நொடிக்கு 5 மீட்டர் போகிறது என்று கொள்வோம். 2 மீட்டர் தள்ளி நிற்கும் மரம், நம்மைக் கடக்கும் கணத்தில், 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையைவிட ஆயிரம் மடங்கு வேகமாகக் கண்ணில் நகரும். மலைச்சரிவை வெட்டிப் போட்ட குறுகிய மீட்டர் கேஜ் பாதை அது. செடிகொடிகள் பெட்டியை உரசாத குறைதான். பாக்கி வேகத்தைத் தாளம் கொடுத்துவிடுகிறது. சந்தேகமிருந்தால் ஒலியை நிறுத்திவிட்டு, ஆடுபவர்களை விட்டு, தூரத்து மலையை மட்டும் பாருங்கள்.

கூரை என்பது ராக் வீடியோக்களுக்கும் பிடித்த மேடை. 1969 ஜனவரி 30 அன்று பீட்டில்ஸ் லண்டனில் தங்கள் அலுவலக மொட்டைமாடியில் வாசித்தார்கள். 1987-ல் யு2 குழு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடையின் கூரையில் ஏறியது. அங்கே ஒயர்கள் இருந்தன, ஆம்ப்ளிஃபையர்கள் இருந்தன. போகப்போக அதுவும் தேவைப்படவில்லை. ‘நவம்பர் ரெயின்’ வீடியோவில் கிடார் கலைஞர் ஸ்லாஷ் வெட்டவெளித் தேவாலயத்தின் முன் எதிலும் இணைக்காத எலெக்ட்ரிக் கிடாரை வாசிக்கிறார். யாரும் கேள்வி கேட்பதில்லை. 1981-ல் எம்டிவி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, ஆர்மோனியமே இல்லாத வயல்வெளியில் முழு வாத்தியக்குழு முழங்குவதை ஒப்புக்கொண்டவர்கள் நாம், நமக்கென்ன?

ஆனால் ஒலிக்கும் உதட்டுக்கும் உள்ள பொருத்தத்தில் மட்டும் கண் ஏமாறாது. படப்பிடிப்பில், பதிவான பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு அதற்கு வாயசைப்பார்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. சினிமா கேமரா நொடிக்கு 24 பிரேம் எடுக்கிறது. அதாவது ஒரு பிரேமுக்குள் ஒலி கடப்பது 14 மீட்டர்தான். ஒலிபெருக்கியிலிருந்து 28 மீட்டர் தள்ளி, ரயிலின் கடைசிப் பெட்டிமேல் நிற்பவர் தாளம் தப்பாமல் ஆடினாலும், படத்தில் இரண்டு பிரேம் பின்தங்குவார். நீண்ட ரயில்மேல் வரிசையாக ஆளை நிறுத்தினால் இது கணக்கில் வந்தே தீரும்.

இன்னொரு உத்தியும் உண்டு. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பாடகர் அதற்கேற்ப வேகமாக வாயசைக்க, கேமராவும் நொடிக்கு இரண்டு மடங்கு பிரேம் எடுக்கும். வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது திரையில் உதடு பாட்டோடு சேரும். தலைமுடியும் காற்றும் மட்டும் நிதானமாக அசையும். கோல்ட்பிளேயின் ‘யெல்லோ’ வீடியோவில் கடற்கரையில் நடந்தபடி கிறிஸ் மார்ட்டின் பாடுவது இப்படி எடுத்ததுதான். ஊட்டி ரயிலில் முழுப் பாட்டையும் அப்படி எடுத்திருந்தால் மரங்களும் பாதி வேகத்துக்கு இறங்கியிருக்கும், 13 கி.மீ. ரயில் ஆறரைக்கு வந்து, குட்டு வெளிப்பட்டிருக்கும்.