ஒரு காமிராவும் மூன்று வருஷமும்

கெட்டலைந்த பையன் ஒருவனுடைய கையிலே காமிராவைக் கொடுத்துவிட்டால் அவன் திருந்திவிடுவான் என்னும் நம்பிக்கை இப்பொழுது பரவலாகி, அதற்கென்று முகாம்களும் கண்காட்சிகளும் ஊருக்கு ஊர் நடைபெறுகின்றன. இந்த நம்பிக்கையில் பாதிதான் மெய் என்பது என் அபிப்பிராயம். காமிரா என்னும் யந்திரத்துக்கு யாரையும் திருத்தும் சக்தி கிடையாது. அதைப் பிடிக்கப் பழகுகிற காலத்தில் ஒருவனுக்கு நேர்கிற சில காரியங்களுக்கே அந்தச் சக்தி உண்டு. அவை என்னென்ன, அவற்றுக்கு எவ்வளவு அவகாசம் பிடிக்கும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

வேடந்தாங்கலிலிருந்து தொடங்குவது பொருத்தமாயிருக்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியோதயத்துக்கு முன்பே அந்த ஏரிக்கரைக்கு நீண்ட லென்ஸுகளைச் சுமந்துகொண்டு வந்து இடம் பிடிக்கிறவர்களைப் பார்த்தாலே, இந்தக் கலை ஒருவனிடம் எதையெல்லாம் கேட்கிறது என்பது பிரத்தியட்சமாகிவிடும். மதுராந்தகத்தை அடுத்த இந்தச் சிறு கிராமத்தின் மக்கள், தங்கள் ஏரிக்கு வந்து கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளுவதைப் பொறாமல், அந்நாளையச் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே அவற்றைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் பெற்றவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயல் எப்படி விளையும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள். 2022இல் ராம்சார் சாசனத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற இந்த ஏரியில், நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் கூடு வைத்திருக்க, பார்க்க வந்தவர்கள் கரையோடு நின்றுவிட வேண்டும். கிட்டே போக வழியில்லை, கைதட்டிக் கலைக்கவும் கூடாது. பறவை தன் இஷ்டத்துக்குத் திரும்புகிற வரையில் காத்திருப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

காத்திருந்து எடுத்த படமும் முதலில் சரியாக வருவதில்லை. ஒரே மரத்தில் வெள்ளைக் கொக்கும் கரிய நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குக் கொக்கு எது, காகம் எது என்று தெரியாது. எதிரே என்ன இருந்தாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகவே அது பாவிக்கும். ஆகவே கொக்கைப் பெரிதாக நிரப்பி எடுத்த படத்தில் கொக்கு அழுக்கேறிய வேட்டிபோல் மங்கிப்போகும். நீர்க்காகத்தை நிரப்பி எடுத்தாலோ அதன் கருமை வெளுத்துவிடும். வெள்ளையை வெள்ளையாக நிறுத்துவதற்கு, யந்திரம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் இத்தனை வெளிச்சம் கூட்ட வேண்டும் என்று எடுப்பவனே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பிழை யாருடையது என்ற வாக்குவாதத்துக்கே இதில் இடமில்லை. வாத்தியார் திட்டுவதற்கு முன்பே படம் சொல்லிவிடும். யார் எதைச் சொன்னாலும் அதைத் தன்மேல் சுமத்தப்பட்ட குற்றமாகவே கேட்டுப் பழகிய ஒரு பிள்ளைக்கு, குற்றஞ்சாட்டாமல் பிழையை மட்டும் காட்டுகிற ஓர் ஆசான் கிடைப்பது சாமானியமான காரியமல்ல.

வேடந்தாங்கலுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திலுள்ள செங்கல்பட்டு நகரத்தில், சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கான அரசினர் சிறப்பு இல்லம் இருக்கிறது. 2022 டிசம்பர் 31ஆம் தேதி இந்த நகரத்தில் அரசாங்கத்தின் காவலில் இருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனதும், இல்லத்து ஊழியர்கள் கைது செய்யப்பட்டதும், அதன்பின் இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்த யோசனை கூறுவதற்காக ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசாங்கம் நியமித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்ட இல்லத்தில் வளர்கிற பையன் இடைவிடாது கண்காணிக்கப்படுகிறவன்: காவல் நிலையத்திலும் நீதிக் குழுமத்திலும் சாப்பாட்டு வரிசையிலும் யாரோ ஒருவர் அவனைப் பார்த்துக்கொண்டும் எண்ணிக்கொண்டும் குறித்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவன் கையில் காமிரா வரும்போது, ஆயுளில் முதல் தடவையாக, பார்க்கிற வேலை அவனுடையதாகிறது. இந்த இடமாற்றத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இங்கே சட்டம் ஒரு விசித்திரமான விதத்தில் துணை செய்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இத்தகைய சிறுவனுடைய பெயரையோ முகத்தையோ அடையாளந்தரும் வேறு விவரத்தையோ பத்திரிகையில் வெளியிடக் கூடாதென்று விலக்குகிறது. ஆகையால், கண்காட்சி ஒன்றை வைத்து, பையனைப் படத்தருகே நிறுத்தி, ‘திருந்திய சிறுவன்’ என்று தலைப்புக் கொடுத்துக் கைதட்டும் உற்சாகத்துக்கு இங்கே இடமில்லை. நல்லதே. அவன் கொக்கைப் படம் பிடிக்கட்டும். கொக்கின் முகத்தை அச்சிடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இனி, நடந்த ஒரு விருத்தாந்தம். மேற்கு வங்காளத்தின் புருலியாவைச் சேர்ந்த விக்கி ராய், 1999ஆம் ஆண்டில், தம் 11ஆவது வயதில், வீட்டிலே பணம் திருடிக்கொண்டு ரயிலேறி டில்லிக்கு ஓடிப்போனவர். புது டில்லி ஸ்டேஷனில் குப்பை பொறுக்கியும், காலிப் பாட்டில்களில் குழாய்த் தண்ணீர் நிரப்பி ரயிலில் விற்றும், ஓட்டலில் எச்சில் தட்டு கழுவியும் காலந்தள்ளிய பின், ‘சலாம் பாலக் டிரஸ்ட்’ என்னும் தர்ம ஸ்தாபனத்தின் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். மீரா நாயரின் ‘சலாம் பம்பாய்’ திரைப்படத்தின் வருமானத்தைக் கொண்டு, 1988இல் தெருப்பிள்ளைகளுக்காகத் தோன்றிய ஸ்தாபனம் அது. பத்தாம் வகுப்பில் அவர் வாங்கிய மதிப்பெண்கள் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொள் என்று இல்லத்தார் சொன்னார்கள். அந்தச் சமயத்தில், 2004இல், ஸ்தாபனத்தைப் படம் பிடிக்க வந்த டிக்சி பெஞ்சமின் என்ற ஆங்கிலேயருக்குப் பை தூக்கவும் உதவி செய்யவும் வாய்த்ததே அவருக்குத் துவக்கம். பிற்பாடு இல்லத்தார் அவருக்கு ஒரு மலிவான கோடாக் காமிராவும் கொஞ்சம் பிலிம் சுருளும் கொடுத்தார்கள்.

கதையை இவ்விடத்தில் நிறுத்தி, ‘காமிரா அவர் வாழ்க்கையை மாற்றியது’ என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுபவர்கள் அநேகர். உண்மையான கதை இதற்கப்பால்தான் இருக்கிறது. 18 வயது நிறைந்ததும் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டியது விதி. வாடகைக்கு ஓர் அறை பார்த்தாக வேண்டும். அனய் மான் என்னும் டில்லிப் புகைப்படக் கலைஞர் அவரை உதவியாளராக ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தபோது, குறைந்தபட்சம் மூன்று வருஷம் தம்மிடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். சொந்தமாக நல்ல காமிரா வாங்குவதற்கு டிரஸ்டே கடன் கொடுத்தது. கடன் என்றால் கடன்தான், மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். சம்பளம் வாடகைக்கும் தவணைக்கும் போதாமல், ராத்திரி வேளைகளில் விருந்துகளில் சர்வராக நின்று அவர் சம்பாதித்தார். அந்த நாட்களில் தெருப்பிள்ளைகளை எடுத்த படங்கள் 2007ஆம் ஆண்டு டில்லி இந்தியா ஹாபிடட் சென்டரில் ‘ஸ்ட்ரீட் டிரீம்ஸ்’ என்ற பெயரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2009இல், நியூயார்க்கில் உலக வர்த்தக மையம் மறுபடி கட்டப்படுவதைப் படமெடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவராக அங்கே ஆறு மாதம் இருந்தார். தாம் வளர்ந்த இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றிய ‘ஹோம் ஸ்ட்ரீட் ஹோம்’ என்னும் புத்தகம் 2013இல் வெளிவந்தது. ஓடிப்போனவன் மனத்தில் என்ன இருக்கும் என்பதை ஓடிப்போன ஒருவர் அறிந்த அளவுக்கு வேறு யார் அறிவார்? அவர் வெட்கப்பட்டு மறைக்கக்கூடிய பூர்வகதையே அவருடைய தொழிலுக்கு மூலதனமாயிற்று.

அமெரிக்காவிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். 1912இல் கான்ஸாஸில் பிறந்த கார்டன் பார்க்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், தாயை இழந்து, தமக்கையின் புருஷனால் குளிர்காலத்தில் வீதிக்குத் துரத்தப்பட்டு, பின்பு ரயிலில் பரிசாரகராக இருக்கும்போது பத்திரிகைப் படங்களைப் பார்த்து ஆசை கொண்டு, அடகுக்கடையில் பழைய காமிரா ஒன்றை வாங்கி, ‘லைப்’ பத்திரிகையில் படக்காரராகும் மட்டும் உயர்ந்தார். அதே 1912இல் பிறந்தவர் நம்முடைய மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். அவரைத் தறிகெட்டவர் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் உத்தியோகம் எதிலும் நிலையாக ஒட்டாமல், சண்டூர் சமஸ்தானத்தில் பலவித வேலைகள் பார்த்துத் திரும்பியவர், 1950 முதல் 1996இல் காலமாகும் வரை பத்திரிகையில் இயற்கைக் குறிப்புகள் எழுதியும், பாகங்களைத் தாமே இணைத்துக்கொண்ட காமிராவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தும், வேடந்தாங்கலைப் பற்றி எழுதியும் தம் வழியைத் தாமே அமைத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் இன்று பிள்ளைகளின் கையில் காமிராவைக் கொடுத்துப் பழக்கும் பணியைச் சிரத்தையோடு செய்துவருகிறவர்களில், மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாயாரால் வளர்க்கப்பட்ட எம். பழனி குமாரைக் குறிப்பிட வேண்டும். கையால் மலமள்ளும் அவலத்தைக் காட்டிய ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த இவர், 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். தூய்மைப் பணியாளர்கள், மீனவர்கள் முதலியோருடைய பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்பித்து வருகிறார். அந்தப் பிள்ளைகள் எடுப்பவை பெரும்பாலும் அவரவர் தாயாரையும் வீட்டையும் தெருவையும் பற்றிய படங்கள். வெளியிலிருந்து வந்தவன் பரிதாபத்தோடு எடுத்துப்போகும் படத்தில் இல்லாத சுவாதீனம் அவற்றில் இருக்கிறது.

எல்லாம் சுபமாகவே முடியும் என்று சொல்வதற்கில்லை. கல்கத்தா சோனாகாச்சிப் பிள்ளைகளுக்குக் காமிரா கற்றுக்கொடுத்ததைச் சொல்லும் ‘பார்ன் இன்டு பிராதல்ஸ்’ என்னும் படம் 2005இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. அதிலே வந்த குழந்தைகளில் ஒருவர் வெளிநாட்டில் படிக்கும் அளவுக்கு முன்னேறினார், வேறு சிலரோ சேர்த்துவிட்ட பள்ளிக்கூடத்தில் நிலைக்கவில்லை. காமிரா எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் கொடுக்கப்பட்டது. வீட்டு நிலைமை ஒன்றுபோல இல்லை.

சிறார் நீதிச் சட்டம் ‘பின்பராமரிப்பு’ என்று வகுத்திருப்பது, இல்லத்தை விட்டு வெளியேறும் இளைஞனுக்கு 18 வயதுக்குமேல் 21 வயது வரையிலான காலம். சரியாக மூன்று வருஷம்; அனய் மான் கேட்ட அதே மூன்று வருஷம். செங்கல்பட்டிலிருந்து வெளிவருகிற பையனுக்கு ஒரு வார முகாமைக் காட்டிலும் உபயோகமானது, மதுராந்தகத்திலோ மாமல்லபுரத்திலோ கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் படமெடுக்கிற ஒரு ஸ்டுடியோக்காரர் அவனை அந்தக் காலம் முழுதும் கூட வைத்துக்கொள்வதுதான். ஆனால் திருட்டு வழக்கில் அகப்பட்டவன் என்று தெரிந்தும், தம்முடைய விலையுயர்ந்த லென்ஸை அவன் தோளில் மாட்டி ராத்திரி ரிசப்ஷனுக்குத் தனியே அனுப்ப அந்த ஸ்டுடியோக்காரர் துணிய வேண்டுமே! லென்ஸ் போனால் நஷ்டம் அவருக்கு. அந்த நஷ்டத்துக்கு அரசாங்கம் ஜாமீன் நிற்பதற்கும், தவணை முறையில் பையனுக்கே ஒரு காமிரா வாங்கிக் கொடுப்பதற்கும், வெளியேறுகிறவர்களுக்குப் பண உதவி செய்யலாம் என்று கூறும் 46ஆம் பிரிவில் இடம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.