உல்லாஸ்நகர் ‘மேட் இன் யுஎஸ்ஏ’ முதல் ‘குரோம் வனேடியம்’ வரை: கட்டிங் பிளேயரில் எழுதியிருப்பதை நம்பலாமா?

மும்பையில் ஒரு பழைய ஜோக் உண்டு. ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்றால் அமெரிக்கா இல்லை, ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’. பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்திகளுக்காக, கல்யாண் ராணுவ முகாமில் உருவான ஊர் அது. 1949 ஆகஸ்ட் 8 அன்று அடிக்கல் நாட்டியவர் நம்ம ராஜாஜி, அப்போதைய கவர்னர் ஜெனரல். வெறுங்கையோடு வந்தவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பொருட்களின் நகல்களும் அதில் சேர்த்தி என்பதால் வந்த ஜோக் இது.

இன்றைக்கு அந்த ஜோக்குக்கு எந்த ஊரும் சொந்தமில்லை. எந்த ஹார்டுவேர் கடையிலும், ஆன்லைனிலும், ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்த பளபள திருப்புளி கிடைக்கும். இரண்டு ஸ்க்ரூ கழற்றியதும் முனை மழுங்கிவிடும். உங்கள் வீட்டு டிராயரிலும் ஒன்று இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

ஒரு கருவியின் உயிர் அதன் வடிவத்தில் இல்லை, பதத்தில் இருக்கிறது. ஸ்டீலைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்குவார்கள். அப்போது அது கடினமாகும், ஆனால் கண்ணாடி போல உடையவும் செய்யும். அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்கி அந்த நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். ஊர்க் கொல்லுப் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பது இதே வேலைதான்.

விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கை வைப்பதும் இங்கேதான். உலையில் வைக்கும் நேரத்தைக் குறைத்தாலும் வாங்குகிறவருக்குத் தெரியாது. அதைவிட மலிவான வழி, கார்பன் குறைவான மைல்ட் ஸ்டீலைப் போட்டு மேலே முலாம் பூசுவது. மைல்ட் ஸ்டீலை எத்தனை முறை காய்ச்சி முக்கினாலும் போதுமான அளவுக்குக் கடினமாகாது. குரோம் வனேடியம் என்பது நல்ல அலாய் ஸ்டீல்தான். ஆனால் அந்தப் பெயரைப் பொறிக்க ஒரு அச்சு இருந்தால் போதும்.

அப்போ பழசெல்லாம் நல்லதா?

முழுசா இல்லை. தாத்தாவின் சுத்தியல் இன்னும் உழைக்கிறது என்கிறோம். அவர் காலத்து மட்டமான சுத்தியல்கள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன, நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்தவற்றை மட்டும்தான். நல்ல கருவி இன்றும் இந்தியாவில் தயாராகிறது. டபாரியா 1969-ல் ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கியது, நாசிக்கில் ஆலை இருக்கிறது. (பங்குச் சந்தை பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும், அது தனிக்கதை.) ஜலந்தர், லூதியானா பட்டறைகளிலிருந்து வெளிநாடுகளுக்கும் கப்பல் ஏறுகிறது.

சிக்கல் அளவில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த நிதி ஆயோக் அறிக்கைப்படி, சீனாவின் கைக்கருவி ஏற்றுமதி சுமார் 1,300 கோடி டாலர், இந்தியாவுடையது சுமார் 60 கோடி. அதாவது 20 மடங்குக்கும் மேல் வித்தியாசம். சீனாவோடு ஒப்பிட்டால் இங்கே தயாரிப்புச் செலவு 14 முதல் 17 சதவீதம் அதிகம் என்றும், ஸ்டீல் விலை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. சீனத் தயாரிப்பு என்றாலே மட்டம் என்பது தப்பு. கேட்கும் விலைக்கு ஏற்ற தரத்தில் அங்கே செய்து தருகிறார்கள். நம் கடைக்கு வரும் சரக்கின் தரம், அதை வரவழைத்தவர் கேட்ட விலையைப் பொறுத்தது.

கடையில் எதைப் பார்ப்பது?

மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவுக்குப் போனால் கருவிக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே பளபளப்பைப் பார்க்காதீர்கள். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள், வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. மூட்டு லேசாகத் திறக்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். ஒட்டவில்லை என்றால் அது துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கலாம். மொத்தமாக வாங்குவதாக இருந்தால், முதலில் ஒன்று மட்டும் வாங்கி, திருப்புளி முனையில் அரத்தை வைத்துத் தேயுங்கள். நன்றாகப் பதம் ஏறிய ஸ்டீலில் அரம் வழுக்கும், மட்டமானதில் கடிக்கும்.

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால், மேலே தர எண்ணும் (திருப்புளிக்கு ஐஎஸ் 844, கட்டிங் பிளேயருக்கு ஐஎஸ் 3650), கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். பொறித்த எழுத்தைச் சரிபார்க்க நமக்கு இருக்கும் நல்ல வழி இதுதான்.

கைப்பிடியில் ஏமாந்தால் ஆபத்து

மழுங்கிய திருப்புளியால் நஷ்டம் நூறு ரூபாய். கைப்பிடி விஷயம் அப்படியில்லை. சிவப்பு, மஞ்சள் ரப்பர் உறை போட்ட பிளேயரெல்லாம் ஷாக் அடிக்காது என்று பலரும் நம்புகிறோம். சாதாரண உறை பிடிமானத்துக்காகப் போடுவது, அவ்வளவுதான். மின்வேலைக்கான கருவிகள் ஐஇசி 60900 என்ற தரத்தின்படி சோதிக்கப்பட்டு, இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற குறிப்பும் பெறுகின்றன. இதையும் யாராவது சும்மா அச்சிடலாம், அதனால் தெரிந்த பிராண்டாக, பில்லோடு வாங்குங்கள். உறை விரிந்திருந்தாலோ கழன்று வந்தாலோ அந்தக் கருவியை மின்வேலைக்கு எடுக்காதீர்கள். செம்பூர் வாடகை வீட்டில் ஸ்விட்ச் போர்டைத் திறப்பதாக இருந்தால், கையில் எந்தக் கருவி இருந்தாலும் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். சுவருக்குள் ஓடுவது 230 வோல்ட்.