கல்லைப் பார்த்துக்கொண்டே சென்னைக்கு

கோடை விடுமுறைக்குச் சென்னை போகப்போகிறீர்களா? அதுவும் காரிலா? அப்படியானால் அண்ணனோடும் அக்காவோடும் சண்டை போட்டாவது ஜன்னல் ஓரத்து இடத்தைப் பிடித்துவிடுங்கள். வண்டலூர் விலங்குப் பூங்கா, மெட்ரோ ரயில், மெரினா எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கிறவை. அதற்கு முன் திண்டுக்கல் பக்கத்து அகரத்திலிருந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தூரம், ஏழெட்டு மணி நேரம் இருக்கிறது. பெரியவர்கள் அதை வீணாய்ப் போகும் நேரம் என்பார்கள். எனக்கு அதுதான் பயணத்தின் சுவையான பகுதி. வழி நெடுகக் கல் இருக்கிறதே!

கையில் போனை வைத்துக்கொண்டு போனால் இதெல்லாம் கண்ணில் படாது. போதாக்குறைக்குக் குமட்டலும் வரும். நம் காதுக்குள்ளே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. வண்டி வளைவதையும் குலுங்குவதையும் மூளைக்குச் சொல்லும் உறுப்புகளில் அவையும் சேர்த்தி. போனையே பார்க்கும் கண்ணோ, எதுவும் அசையவில்லை என்று சொல்கிறது. எதை நம்புவது என்று தெரியாமல் மூளை தடுமாற, வயிறு புரட்டுகிறது. தூரத்து மலையைப் பாருங்கள், கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்லும்.

முதல் மலை திண்டுக்கல்லைத் தாண்டும்போதே வந்துவிடும். திருச்சி சாலையில் ஏறியதும் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் சிறுமலை தெரியும். வாழைப்பழத்துக்குப் பேர்போன அந்த மலையின் உடம்பு பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் தேவைப்படும். புதிதாக உடைத்த சார்னோகைட் துண்டு கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ, எண்ணெய் தடவியதைப் போன்ற பளபளப்போடு இருக்கும். வெயிலும் மழையும் பட்ட பக்கம் பழுப்பாகிவிடும்.

இந்தப் பாறை மண்ணுக்கு மேலே உருவானதில்லை. நிலத்துக்கடியில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 அல்லது 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், தண்ணீர்ப் பசையே இல்லாத இடத்தில் வெந்து உருமாறியது. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துப் பாறைகள் கடைசியாக இப்படி வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். டைனோசர்கள் தோன்றவே அதற்குப் பிறகு முப்பது கோடி ஆண்டுகள் ஆயின! அவ்வளவு ஆழத்தில் இருந்தது இன்று மலையாக நிற்கிறது என்றால், அதன் மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் எங்கே போனது? நிலம் மெல்ல மெல்ல உயர, மழையும் ஆறும் காற்றும் அரித்து அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன.

மலை மறைந்தபிறகும் கல் உங்களை விடாது. கார் ஓடும் தார்ச்சாலைக்குள் இருக்கும் கருங்கல் ஜல்லியும் இப்படிப்பட்ட பழம்பாறைகளை உடைத்து எடுத்ததுதான். வடமதுரை, அய்யலூர் தாண்டி மணப்பாறையில் முறுக்கு வாங்க நிறுத்துவார்கள். (நிறுத்தாவிட்டால் நீங்கள் சொல்லி நிறுத்த வேண்டும்.) கால் நீட்ட இறங்கும்போது சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் ஜல்லி ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். மினுமினுக்கும் சின்னச் சின்ன முகங்கள் தெரியும். அவை தாதுப் படிகங்கள்.

திருச்சியில் காவிரிப் பாலம். அகரம், தாடிக்கொம்புக்காரர்களுக்கு இந்த ஆறு ஒரு வகையில் சொந்தம். குடகனாற்றில் ஓடும் தண்ணீர் வடக்கே போய் அமராவதியில் சேர்கிறது, அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. குடகனாற்றில் தண்ணீர் ஓடும் ஆண்டுகளில், உங்கள் ஊர் மழை உங்களுக்கு முன்பே இந்தப் பாலத்தைக் கடந்திருக்கும்.

புவியியலாளர்களுக்கும் இந்தப் பக்கம் பிடித்தமானது. பாலக்காட்டிலிருந்து கரூர், நாமக்கல் வழியாகக் கிழக்கே நீளும் ஒரு பட்டையில் பாறைகள் நசுங்கியும் இழுபட்டும் கிடக்கின்றன. அதற்கு வடக்கே இருந்த நிலமும் தெற்கே இருந்த நிலமும் வெவ்வேறாக இருந்து, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதி ஒட்டிக்கொண்டன என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அந்தப் பட்டை இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த தையல். சிறுமலைப் பாறை வெந்ததும் அதே காலத்தில்தான் என்பதைக் கவனித்தீர்களா? மோதலில் நிலம் தடித்து, பாறைகள் ஆழத்துக்குத் தள்ளப்பட்டன. ஆழம் போகப் போகச் சூடு.

திருச்சிக்கு அப்பால் பாடாலூர், பெரம்பலூர். இங்கே மண்ணின் நிறம் மாறுவது காருக்குள் இருந்தே தெரியும். கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. நெடுஞ்சாலைக்குக் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. கதையில்லை. 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் உள்ளே வந்து, பின்வாங்கி, மறுபடி வந்தது. காரை என்ற ஊர்ப் பக்கம் செடி முளைக்காத செம்மண் மேடுகளும் ஓடைகளும் இருக்கின்றன. அங்கே அம்மோனைட் என்ற உயிரினத்தின் சுருள் ஓடுகள் கல்லாகிக் கிடைக்கின்றன. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு, ஆனால் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தது. டைனோசர்கள் அழிந்தபோது இதுவும் அழிந்தது. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் வந்ததற்கும் அந்தக் கடல்தான் காரணம். கடலடியில் படிந்த சுண்ணாம்பைத்தான் இன்று வெட்டி எடுத்து, அரைத்து, சுட்டு, நம் வீட்டுச் சுவரில் பூசுகிறோம்.

நேரம் இருந்தால் சாத்தனூருக்கு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் அங்கே கல்லாகப் படுத்திருக்கிறது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இதை வெளியுலகுக்குச் சொன்னார். மரம் எப்படிக் கல்லாகும்? விழுந்த மரம் சேற்றில் சீக்கிரமே புதைந்துவிட்டது. காற்று படாததால் மக்கவில்லை. சேற்றுக்குள் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து படிந்தது. மணலில் இருக்கும் அதே சிலிக்காதான். அறை அறையாக நிரம்பி, கடைசியில் மரம் போய் மரத்தின் வடிவம் மட்டும் கல்லாக நின்றது.

பெரம்பலூரிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை பாறை அதிகம் தெரியாது. தாராளமாகத் தூங்கலாம்.

திண்டிவனத்துக்குக் கிட்டே, புதுச்சேரிப் பக்கம் திரும்பினால் திருவக்கரை. அங்கும் கல்மரங்கள், சாத்தனூர் மரத்தைவிட வயதில் மிக இளையவை, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுதான். 1781-இலேயே சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். இங்கே ஒரு துப்பறியும் வேலை உங்களுக்கு. மரங்களில் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. ஏன்? அவை அங்கே வளர்ந்தவை அல்ல. எங்கோ விழுந்து, வெள்ளத்தில் உருண்டு, மோதி மோதி மொட்டையாகி வந்து மணலில் புதைந்தவை.

தாம்பரம் தாண்டியதும் போக்குவரத்து நெரிசல். எரிச்சல்படாதீர்கள், நீங்கள் நிற்பது பல்லாவரத்தில். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் இங்கே ஒரு சரளைக் குழியில் கற்கால மனிதர் செதுக்கிய கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததற்கு முதல் சான்று அது. அதே ஆண்டில் அவரும் நண்பர் வில்லியம் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் காட்டினார்கள்.

இடப்பக்கம் பரங்கிமலை. சார்னோகைட்டை மறந்துவிடவில்லையே? 1690-களில் கொல்கத்தாவில் இறந்த ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கருங்கல்லைக் கொண்டுபோனார்கள். இருநூறு ஆண்டு கழித்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லையும் பல்லாவரத்துப் பாறையையும் ஒப்பிட்டு, கல்லறைக்காரரின் பெயரையே பாறைக்கு வைத்தார். இன்று உலகெங்கும் அந்தப் பெயர்தான். பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சிறுமலையும் பரங்கிமலையும் ஒரே குடும்பத்துப் பாறைதான், ஆனால் வரலாறு வேறு.

மெரினாவுக்குப் போகும்போது பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துப்போங்கள். அலை வந்து திரும்பும் இடத்தில் மணலில் கறுப்புக் கோடுகள் தெரியும். காந்தத்தைக் காட்டினால் கறுப்புத் துகள்களில் சில தாவி ஒட்டும். அவை மேக்னடைட் என்ற இரும்புத் தாது. மலைப்பாறைகள் உதிர்ந்து, ஆறுகள் சுமந்து, கடல் சலித்து வைத்தவை. எடை அதிகம் என்பதால் அலை இழுத்துப்போகாமல் விட்டுவிடுகிறது. பையைக் காந்தத்திலிருந்து உருவினால் துகள்கள் தானே உதிர்ந்துவிடும்.

கல்மரத்திலும் அம்மோனைட்டிலும் ஒரு துண்டுகூட எடுத்து வராதீர்கள், அடுத்து வருகிறவர்களுக்கு வேண்டும். தொட்டுவிடும் தூரத்தில் பார்க்க வேண்டுமானால் 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் புவியியல் பிரிவு இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டில் பயணத் தேதியைக் குறிக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.