தடம் பார்த்தவன் பெயர் என்ன?

‘சபாரி’ என்னும் சொல் நமக்கு முற்றிலும் புதியதன்று. கிழக்கு ஆபிரிக்காவின் சுவாகிலி மொழியில் அது பயணத்தைக் குறிக்கும். அம்மொழி அதனை அரபு மொழியின் ‘சபர்’ என்ற சொல்லிலிருந்து பெற்றது. அதே ‘சபர்’ நம் தமிழ் முஸ்லிம் மக்களின் நாவிலும் வழங்குகின்றது. கடல் கடந்து வாணிகத்திற்குச் சென்றவரைச் ‘சபராளி’ என்று அழைத்தனர். இவ்வாறு பயணம் என்ற பொதுப்பொருளோடு இருந்த சொல், வெள்ளையர் துப்பாக்கியுடன் ஆபிரிக்கக் காடுகளுள் புகுந்த காலத்தில் வேட்டைப் பயணம் எனச் சுருங்கியது. இன்று ஜீப் வண்டியில் அமர்ந்து விலங்கு பார்க்கும் உல்லாசப் பயணத்தைக் குறிக்கின்றது. சொல்லின் பொருள் இத்தனை முறை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. பயணத்தின் சொந்தக்காரர் ஒருவர். அவரைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, விலங்கைக் காட்டி, உயிரோடு திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவர் வேறொருவர். முன்னவரின் பெயர் நூல்களில் நிற்கின்றது. பின்னவரின் பெயர் என்ன?

இக்கேள்வியை ஆபிரிக்காவை நோக்கிக் கேட்பதற்கு முன் நம் இலங்கையை நோக்கிக் கேட்பது நலம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, ஆங்கிலேயர் இங்கு நடத்திய வேட்டைகளைப் பற்றி அவர்களே நிறைய எழுதி வைத்துள்ளனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பேசப்பட்ட மேஜர் தோமஸ் றொஜர்ஸ், 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், தம் இலங்கை வேட்டைகளை 1854ஆம் ஆண்டில் நூலாக்கினார். இவர்களுடைய குதிரையும் துப்பாக்கியும் நாயும் வரலாறு பெற்றுவிட்டன. முன்னே நடந்து யானையின் இருப்பிடத்தைக் கண்டு சொன்ன மனிதர்களோ பெரும்பாலும் ‘சோனகர்’, ‘சிங்களவர்’, ‘வேடர்’ என்ற இனப் பெயர்களாகவே நின்றுவிட்டனர். நாய்க்குத் தனிப்பெயர் உண்டு. மனிதனுக்கு இனப்பெயரே போதும் என்றிருந்த காலம் அது.

அம்மனிதருள் தலைசிறந்தோர் பணிக்கர்கள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள முஸ்லிம் ஊர்களில், சிறப்பாக ஏறாவூர்ப் பகுதியில், வாழ்ந்த இவர்கள் யானை பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். இவர்களிடம் துப்பாக்கி இல்லை. மான்தோலாலோ எருமைத்தோலாலோ திரித்த கயிறு ஒன்றே உண்டு. காற்றின் திசையறிந்து, யானையின் பின்னால் ஓசையின்றி அணுகி, அது பின்னங்காலைத் தூக்கும் கணத்தில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் பிணைத்துவிடுவர். கணநேரம் பிழைத்தால் உயிர் போய்விடும்.

குடியேற்ற நாட்டுச் செயலாளராக இங்கு பணியாற்றிய எமர்சன் ரெனன்ற், 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் பணிக்கரின் தடங்காணும் திறனை வியந்து பாராட்டுகின்றார். ஆனால் அப்பாராட்டைச் சற்று உற்று நோக்க வேண்டும். அவர்களது திறமையை அவர் ஏறத்தாழ ஓர் இயல்பூக்கமாகக் கருதுகின்றார். விலங்கு வழி காண்பதும் பறவை கூடு கட்டுவதும் எவ்வகையோ அவ்வகையிலேயே இம்மனிதரின் அறிவும் வைக்கப்பட்டுவிட்டது. புகழ்ச்சி போலத் தோன்றும் இந்தச் சொல்லிலேதான் அநீதியின் வேர் இருக்கின்றது என்பது என் கருத்து.

இதனை எனக்குத் தெளிவாக்கியது ஒரு பள்ளிச் சுற்றுலா. சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து மாணவர் சிலரோடு வில்பத்துக்குச் சென்றிருந்தேன். வில்பத்து, யால ஆகிய இரண்டும் 1938ஆம் ஆண்டில் தேசிய வனங்களாக்கப்பட்டவை. மழைநீர் தேங்கும் இயற்கைக் குளமாகிய ‘வில்லு’ என்ற சொல்லிலிருந்து பெயர் பெற்ற அக்காட்டில் குதிரைமலை, பொன்பரப்பி எனத் தமிழ்ப் பெயர்கள் பலவுண்டு. எங்களோடு வந்த தடம் பார்ப்பவருக்குச் சிங்களம் மட்டுமே தெரியும்; நான் மொழிபெயர்த்தேன்.

அதிகாலையில் மணற்பாதையில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தவர், சிறுத்தையின் பாதச்சுவடு ஒன்றைக் காட்டினார். அது பெண் சிறுத்தை என்றும், விடிந்த பின் சென்றது என்றும் கூறினார். எப்படித் தெரியும் என்று ஒரு மாணவி கேட்டாள். உடன் வந்த ஆசிரியர் ஒருவர் முந்திக்கொண்டு, “அது அவர்களுக்குப் பிறவியிலேயே வந்துவிடும், பிள்ளை” என்றார். நான் அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மனிதர் சிரித்துவிட்டு அமைதியாக விடை கூறினார்: “பிறவியில் வரவில்லை, ஐயா. பதினொரு வருஷம் தகப்பனாருக்குப் பின்னால் நடந்ததில் வந்தது.”

பின்னர் அவர் தம் அறிவைப் படிப்படியாக விரித்துக் காட்டினார். சுவடு நேற்று மாலை சென்ற ஜீப்பின் சக்கரத் தடத்தின் மேல் விழுந்திருக்கின்றது. ஆகவே அதற்குப் பிந்தியது. சுற்றிலும் மணல்மேல் பனி படிந்திருக்க, சுவட்டினுள் பனி கலைந்திருக்கின்றது. ஆகவே பனி படிந்த பின் வந்தது. சுவட்டின் விளிம்பு இன்னும் உதிரவில்லை; குறுக்கே எறும்பின் வரிசை இன்னும் செல்லவில்லை. அகலமும் விரலமைப்பும் பெண் என்பதைக் கூறுகின்றன. அதோ, இடப்புறத்தில் புள்ளிமான் எச்சரிக்கைக் குரல் கொடுக்கின்றது. ஆகவே சிறுத்தை அப்பக்கமாகப் போயிருக்க வேண்டும்.

வாசகர்களே, நம் வகுப்பறைகளில் அளவையியல் கற்பிக்கின்றோம். சான்று, அனுமானம், முடிவு என்று கரும்பலகையில் எழுதுகின்றோம். அந்த மணற்பாதையில் நடந்தது வேறென்ன? யானையின் முன்காற் சுவட்டின் சுற்றளவை இருமடங்காக்கினால் அதன் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும் என்பதும் காட்டு மனிதர் கயிற்றால் அளந்தறிந்த கணிதமே. கற்றவன் செய்தால் ஆராய்ச்சி, காட்டவன் செய்தால் இயல்பூக்கம் என்பது நம் பேச்சில் புகுந்துவிட்ட வஞ்சகம். ஆராய்ச்சிக்குச் சம்பளம் உண்டு, பட்டம் உண்டு, பதவி உயர்வு உண்டு. இயல்பூக்கத்திற்கு எவரும் சம்பளம் கொடுப்பதில்லை. மோப்ப நாய்க்குச் சோறு போடுவது போல எதையேனும் கொடுத்தால் போதும் என்று மனம் எண்ணிக்கொள்கின்றது.

ஆபிரிக்காவில் இந்த வஞ்சகம் சட்டமாகவும் தொழிலாகவும் உருக்கொண்டது. கென்யாவில் வேட்டைப் பயணங்களை நடத்தியவருக்கு ‘வெள்ளை வேட்டைக்காரர்’ என்பதே பதவிப் பெயர். தொழிலின் பெயரிலேயே தோலின் நிறம் சேர்ந்திருந்தது. 1934ஆம் ஆண்டில் நைரோபியில் அவர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். துப்பாக்கி சுமந்தவரும், தடம் பார்த்தவரும், தலையில் பொதி சுமந்து வரிசையாய் நடந்தவரும் ஆபிரிக்கர். 1977ஆம் ஆண்டில் கென்ய அரசு வேட்டையை அறவே தடைசெய்தபோது அச்சங்கமும் கலைந்தது. ஆனால் வழக்கம் எளிதிற் கலைவதில்லை. தென்னாபிரிக்காவின் தனியார் காடுகளில் இன்றும் வண்டியின் மூக்கில் தனி இருக்கை ஒன்றுண்டு. தடம் பார்ப்பவர் அதில் அமர்வார். வண்டியை ஓட்டி விளக்கம் கூறுபவரே ‘வழிகாட்டி’ எனப்படுவார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் முன்னவர் கறுப்பர், பின்னவர் வெள்ளையர் என்பது எழுதாத விதி. அவ்வாட்சி 1994இல் முடிந்து, கறுப்பின வழிகாட்டிகள் பலர் தோன்றிவிட்ட பின்னரும் அந்த இருக்கை பழைய கதையை நினைவூட்டுகின்றது.

அதே நாட்டிலிருந்துதான் மறுப்பும் எழுந்தது. லூயி லீபன்பேர்க் என்ற ஆய்வாளர், கலகாரிப் பாலைநிலத்து வேடர்களோடு நடந்து திரிந்து, தடம் காண்பதே மனித குலத்தின் அறிவியலுக்குத் தோற்றுவாய் என்று 1990ஆம் ஆண்டில் நூலெழுதினார். எழுத்தறியாதாரும் தாம் கண்டதைப் பதியத்தக்க படக்குறிக் கருவி ஒன்றையும் உருவாக்கினார். அதன் பயனாக, எழுதப் படிக்கத் தெரியாத கரேல் பெனடி, ஜேம்ஸ் மின்யே என்னும் இரு தடம் பார்ப்போர், காண்டாமிருகம் பற்றிய அறிவியற் கட்டுரை ஒன்றின் ஆசிரியர் வரிசையில் 1999ஆம் ஆண்டில் இடம் பெற்றனர். இயல்பூக்கம் என்று தள்ளப்பட்டது, பெயரோடு அறிவியல் ஏட்டில் ஏறிற்று. கென்யாவிலும் 1996ஆம் ஆண்டில் தோன்றிய வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் படிமுறைத் தேர்வுகளை வைத்து, நிறம் பாராமல் அறிவுக்கு ஏணி அமைத்தது.

நம் நாட்டுக்கு மீள்வோம். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப், 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட காட்டுக் கிராமத்து நாவலில் சிலிந்து என்னும் வேட்டைக்காரனைப் படைத்தார். காட்டின் ஒவ்வோர் அசைவையும் அறிந்த அவனை ஊரார் ‘வேடன்’ என்று எள்ளுகின்றனர்; அறியா மொழியில் நடக்கும் நீதிமன்றத்தில் அவன் அறிவு செல்லாக் காசாகின்றது. அந்நாவலை வாசித்துக் கண்கலங்கும் நாம், 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனமானபோது வேடர்கள் தம் முன்னோரின் வேட்டை நிலத்தையே இழந்ததை நினைப்பதில்லை. நேற்றுவரை காட்டின் அறிஞன்; இன்று அத்துமீறி நுழைந்த குற்றவாளி.

குற்றவாளியாக்குவதற்கு ஐயம் ஒன்றே போதும். யால சரணாலயத்தின் முதற் காவலராக விளங்கிய எங்கல்பிரெக்ற், இங்கு கைதியாகக் கொண்டுவரப்பட்ட போயர் இனத்தவர். ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து இலங்கையிலேயே தங்கிவிட்டவர். முதலாம் உலகப் போரில், எம்டன் என்ற ஜெர்மன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தின் பேரில் அவரே சிறையிலிடப்பட்டார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இனம் வேறு என்பதே சந்தேகத்துக்குப் போதியதாயிற்று.

இதனைக் கொட்டாஞ்சேனையில் வாழும் என் நண்பரொருவரிடம் சொன்னேன். அவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, சாரதி வழிகாட்டியாக அனுமதிப்பத்திரம் பெற்று, யுத்த காலம் முழுவதும் வெளிநாட்டாரை யாலவுக்கு அழைத்துச் சென்றவர். அவர் சொன்னார்: “சோதனைச் சாவடியில என்னை மட்டும் இறக்குவாங்க, மாஸ்டர். திரும்பி வந்தா வண்டியில இருக்கிறவங்க ‘ஏன்?’னு கேப்பாங்க. மயில் ஏன் ஆடுது, யானை ஏன் மண்ணைப் போட்டுக்குதுன்னு விளக்கிற அதே சிரிப்போட அதையும் விளக்கணும். அதுவும் வேலையில சேர்ந்ததுதானே.”

அவமானத்தையும் காட்சிப்பொருளாக்கிக் கூற வேண்டிய தொழில் அது. ஆயினும் அவர் மற்றொன்றும் சொன்னார். வனவாயிலில் தமக்காக முன்வந்து பேசியவர் திசமகாராமப் பக்கத்துச் சிங்களத் தடம் பார்ப்பவர் ஒருவரே. இருவருக்கும் குறை ஒன்றே. வண்டி வாடகை முதலாளிக்கு, அறை வாடகை ஓட்டலுக்கு. அவர்களுக்கு வாய்ப்பது பிரயாணி மனமிரங்கிக் கொடுக்கும் சந்தோஷப் பணம். அதுவும் சிறுத்தை தென்பட்டால்தான். “சிறுத்தை வராததுக்கு நாங்க என்ன செய்ய, மாஸ்டர்?” என்றார். யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றிப் பல ஜீப்புகள் முண்டியடிப்பதைப் பழிப்பவர்கள், அந்த ஓட்டத்தின் பின்னே அன்றாடக் கூலியின் பதற்றமும் இருப்பதை உணர வேண்டும். நிலையான சம்பளம் பெறுபவன், விலங்குக்கு வழிவிட்டு நிற்க இயலும்.

நீதி எட்டாக்கனியன்று என்பதற்குத் தமிழகத்தில் சான்றுண்டு. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதால் வாழ்விழந்த இருளர்கள், 1978ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, மருந்துக்கு விற்கத் தொடங்கினர். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை, மலைப்பாம்பு பிடிப்பதற்காக 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தனர். 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருதளித்தது. ‘இருளர் இருவர்’ என்றல்ல, மாசி சடையன், வடிவேல் கோபால் என்று பெயர் சொல்லி அளித்தது.

நமக்கும் வேண்டியவை இவையே: தடம் பார்க்கும் அறிவுக்குத் தேர்வும் தரமும்; தரத்திற்கேற்ற நிலையான சம்பளம்; தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் விளக்கக்கூடிய வழிகாட்டிகள்; எந்த இனத்தவராயினும் அப்பணிக்கு வருவதற்குத் திறந்த வாயில். இவற்றைச் செய்ய வேண்டியது அரசு. ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சுற்றுலா சென்று திரும்பிய மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்வது நம் வழக்கம். யானை எத்தனை, மான் எத்தனை என்று அவர்கள் எழுதுவர். அழைத்துச் சென்றவரின் பெயரையும், அவர் கற்பித்த ஒன்றையும் எழுதாத கட்டுரை முற்றுப்பெறாதது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்போம். வில்பத்துக் கட்டுரைகளை நான் அவ்வாறே திருப்பிக் கொடுத்தேன். பெயரைக் கேட்டறிந்து எழுதியிருந்தவள், அன்று மணற்பாதையில் கேள்வி கேட்ட மாணவி ஒருத்திதான்.