காரணம் கேட்காத கைகள்

“நாங்கள் யாருக்கும் தீங்கு நினைத்ததில்லையே டாக்டர், எங்களுக்கு ஏன் இப்படி?” மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் பணியாற்றும் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. தண்டுவடம் அடிபட்ட இளைஞரின் தாய் கேட்பார். சர்க்கரை நோயால் காலை இழந்தவரின் மனைவி கேட்பார். நலம் விசாரிக்க வந்த உறவினர் சிலர் தாமாகவே விடையும் கூறிச் செல்வதுண்டு. முன்வினை என்பார் ஒருவர். விசுவாசம் குறைவு என்பார் மற்றொருவர். அந்த விடை நோயாளரை இரவெல்லாம் உறங்கவிடாமல் செய்திருப்பதை மறுநாள் காலையில் நாங்கள் காண்கிறோம்.

கேள்வி பழைமையானது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவருடைய பாவமா, பெற்றோரின் பாவமா என்று இயேசுவிடம் வினவியதாக யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. இரண்டுமல்ல என்கிறார் அவர். கடவுளின் செயல் இவரிடம் வெளிப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டு, மண்ணைக் குழைத்து அவருடைய கண்களில் பூசுகிறார். துன்பம் ஏன் வருகிறது என்பதற்குக் கிறிஸ்தவ விசுவாசத்தில் முழுமையான விளக்கம் இருப்பதாக நான் கருதவில்லை. துன்புறுபவரிடம் எப்படிச் செல்வது என்பதை அது தெளிவாகவே கற்பிக்கிறது.

அவ்வாறு சென்ற ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த பெற்றோருக்கு 1914-இல் அங்கேயே பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். தொழுநோயாளரைத் தொடவும் மக்கள் அஞ்சிய காலம் அது. ஒரு நோயாளரின் தோளில் கைவைத்துச் சிகிச்சையை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மனிதர் தேம்பி அழுதாராம். பல ஆண்டுகளாக எவரும் தம்மைத் தொட்டதில்லை என்பதே அழுகைக்குக் காரணம். பிராண்ட் இதைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

ஆயினும் அவருடைய இரக்கம் தொடுதலோடு நின்றுவிடவில்லை. தொழுநோயால் தசை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றும், அறுவை செய்தால் புண் ஆறாது என்றும் அன்று பலர் நம்பினர். நரம்புகள் கெட்டு வலியுணர்வு அற்றுப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் நோயாளர் தம் உறுப்புகளைத் தாமே சேதப்படுத்திக்கொள்கின்றனர். காயத்தைப் பாதுகாத்தால் அவர்களுக்கும் புண் ஆறும் என்று அவரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். சிலருக்கு மட்டும் இரவோடு இரவாக விரல்கள் குறைந்தன. காரணம் எலிகள்! உறங்கும்போது கடித்தது தெரியவில்லை. அதன்பின் நோயாளர்களுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. வலிமை உள்ள தசைநாண்களை இடம் மாற்றி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை சிகிச்சையும் அங்கே வளர்ந்தது.

அதே கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸை எங்கள் துறையினர் மறப்பதில்லை. 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சேதமுற்று அவருடைய கால்கள் செயலிழந்தன. இளம் மருத்துவர், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றிருந்தவர். கைகளுக்கான அறுவை சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாமே என்று பிராண்ட் யோசனை கூறினார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே அவர் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கினார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். விபத்து நன்மைக்கே என்று இதைக் கொண்டு பிறரிடம் உபதேசிக்க எனக்கு விருப்பமில்லை. தம் இழப்புக்குப் பொருள் கூறும் உரிமை இழந்தவருக்கே உண்டு.

உடனிருந்து பராமரிக்கும் உங்களுக்குச் சில வார்த்தைகள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய்திறவாது அமர்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். காரணம் கூறத் தொடங்கிய பிறகே அவரைப் புண்படுத்தினார்கள். நீங்களும் விடை தேடிச் சொல்ல வேண்டியதில்லை. ஜெபிப்பதற்கு முன்பு நோயாளருக்கு அது விருப்பமா என்று கேளுங்கள். அவர் வேறு சமயத்தவராகவும் இருக்கலாம். சிலுவையைச் சுமக்க வேண்டும் என்றெண்ணி வலியை மறைப்பவர்களும் உண்டு. வலியைக் கூறுவது விசுவாசக் குறைவன்று. மாத்திரை கேட்பதும் அவ்வாறே. செவிலியரிடம் தயங்காமல் கூறச் சொல்லுங்கள், அல்லது நீங்களே கூறுங்கள். நீங்களும் ஒரு நாளேனும் வேறொருவரை அமரவைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கொருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்கு, பிராண்ட் தம் நோயாளருக்குக் கற்பித்தவையே இன்றும் பொருந்தும். ஒவ்வொரு மாலையும் நல்ல வெளிச்சத்தில் அவருடைய பாதத்தை உங்கள் மடிமேல் வைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு எது தென்பட்டாலும் மறுநாளே எங்களிடம் வாருங்கள். காலணியை அணிவிக்கும் முன் அதனுள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது.