பொண்ணுக்கு மானிட்டர் வாங்கப் போறீங்களா?



கறவை மாட்டுக்கும் தையல் மெஷினுக்கும் உள்கடன் கேட்ட காலம் போய், "பொண்ணுக்கு கம்ப்யூட்டர் வாங்கணும்" என்று கடன் கேட்கிற காலம் வந்துவிட்டது. ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் சிவில் படித்த பிள்ளைகளும், பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகளும் மூங்கில்துறைப்பட்டில் இருந்துகொண்டே ஆட்டோகேட்டில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கலாம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட இணையம் வழியாகவே அனுமதி வாங்கலாம். அதற்கும் வரைபடம் வேண்டும். அதனால் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது.

கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றி பிள்ளைகளே விசாரித்துவிடுவார்கள். பணம் ஏமாறுகிற இடம் பெரும்பாலும் மானிட்டர்தான். கடையில் எல்லாத் திரையும் பளபளவென்று ஒரே மாதிரிதான் தெரியும். பெரிசா இருக்கிறதை நாம் கை காட்டுவோம். அங்கேதான் தப்பு நடக்கும்.

திரையை ஒரு புள்ளிக் கோலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். படம், கோடு, எழுத்து எல்லாமே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனவை. ஃபுல் எச்.டி. என்று சொல்கிற திரையில் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. 24 அங்குலத் திரையிலும் அதே கணக்குதான், 27 அங்குலத் திரையிலும் அதே கணக்குதான்! சின்ன வாசலில் போட்ட அதே 15 புள்ளிக் கோலத்தைப் பெரிய வாசலில் போட்டால் என்ன ஆகும்? புள்ளிகள் தள்ளித் தள்ளிப் போகும். அப்படித்தான். 24 அங்குலத்தில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி விழுகிறது. 27 அங்குலத்தில் 82தான். கூடுதல் பணம் கொடுத்து, கோடு மொத்தையாகத் தெரிகிற திரையை வாங்கி வருகிறோம். படம் பார்க்க அது போதும். வரைகிற பிள்ளைக்குச் சாய்கோடு எல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும்.

இன்னொரு கணக்கையும் பாருங்க. 40 அடி நீள வீட்டின் பிளான் முழுவதும் திரையில் நெடுக்காகத் தெரிய வேண்டும். கருவிப் பட்டைகள் அடைத்துக்கொள்வது போக 900 புள்ளி மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கு 22 புள்ளி வரும். அரை அங்குலப் பூச்சுக் கோட்டுக்கு ஒரு புள்ளிகூட முழுசாகக் கிடைக்காது. சுவரோடு ஒட்டிப்போய்விடும். பிள்ளை நாள் முழுக்கப் பெரிதாக்கியும் சின்னதாக்கியும்தான் வேலை செய்ய வேண்டும். புள்ளி குறையக் குறைய இந்த அலைச்சல் கூடும். அலுவலகங்களில் கழித்துப்போட்ட பழைய 19 அங்குலத் திரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீங்க. அதில் பல 1,366க்கு 768 புள்ளிகள்தான். ஆட்டோகேட் நிறுவனம் சாதாரணத் திரைக்குச் சொல்லும் அளவே 1,920க்கு 1,080.

ஆகவே முதல் முறை வாங்குகிறவர்களுக்கு 24 அங்குலம், ஃபுல் எச்.டி., ஐ.பி.எஸ். பேனல். இது போதும். கடனும் சுமையாகாது. வேலை நிலையாக வர ஆரம்பித்த பிறகு 27 அங்குலத்தில் 2,560க்கு 1,440 புள்ளி உள்ளதை வாங்கலாம். அதில் அங்குலத்துக்கு 109 புள்ளி. என்னைக் கேட்டால், பெரிய திரைக்குப் போவதைவிட இன்னொரு 24 அங்குலத்தைப் பக்கத்தில் வைப்பது நல்லது. ஒன்றில் வரைந்துகொண்டே மற்றொன்றில் அளவுக் குறிப்பைப் பார்க்கலாம். 4கே திரை இப்போது வேண்டாம். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பில் அது நொடிக்கு 30 தடவைதான் படத்தை மாற்றும், எலியை நகர்த்தினால் இழுத்துக்கொண்டு வரும்.

ஐ.பி.எஸ். எதற்கு? பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் மாறாது. வரைபடத்தில் சுவர் ஒரு நிறம், மின்கம்பி ஒரு நிறம், தண்ணீர்க் குழாய் ஒரு நிறம். வீடு கட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது மங்கலாகத் தெரிந்தால் ஒன்றை ஒன்றாக நினைத்துவிடுவார். வளைந்த திரை, விளையாட்டுக்கான 144 ஹெர்ட்ஸ் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். வளைவில் நேர்கோடே வளைந்த மாதிரி தெரியும், நமக்கு எதுக்கு? "டிவியையே மாட்டிக்கோங்க" என்றும் சொல்லுவாங்க. பல டிவிகளில் சின்ன எழுத்து பிசிறடிக்கும், ஓரமும் வெட்டுப்படும்.

கள்ளக்குறிச்சியோ திருவண்ணாமலையோ, கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்க. அவள் வரைந்த படம் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளட்டும். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற மயில் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் படத்தைத் திறந்து மெல்லிய கோடுகளையும் சின்ன எழுத்தையும் பாருங்க. பிறகு திரை முழுக்க வெள்ளையாக்கி, கருப்புப் புள்ளி ஏதாவது நிற்கிறதா என்று தேடுங்க. பிறகு முழுக்கக் கருப்பாக்கிப் பாருங்க. ஒன்றிரண்டு புள்ளி செத்திருந்தால் மாற்றித் தர மாட்டோம் என்பதே பல கம்பெனிகளின் விதி. அதனால் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். வீட்டில் இருப்பது பழைய கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் போங்க. நீல நிற வி.ஜி.ஏ. சொருகு மட்டும்தான் இருக்கிறதென்றால் மானிட்டரிலும் அது இருக்க வேண்டும்.

பளபளப்பில்லாத மேட் திரையாக இருக்கட்டும். ஓட்டு வீட்டு ஜன்னல் வெளிச்சம் கண்ணாடி மாதிரித் திரையில் அப்படியே அடிக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். ஏற்றி இறக்குகிற ஸ்டாண்ட் இல்லாவிட்டால் மரப்பலகை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். ஒரு கை நீளம் தள்ளி உட்காரணும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 நொடி பார்க்கச் சொல்லுங்க. தலைவலி என்று பிள்ளை படுத்தால் தவணையும் படுத்துவிடும். கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம், 24 அங்குல எல்.இ.டி. திரைக்குச் சுமார் 20 வாட்தான்.

பெரும்பாலும் 3 வருட வாரண்டி இருக்கும். பில்லில் ஜி.எஸ்.டி., மாடல் எண், வரிசை எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. ஒரு நகலைக் குழுவின் கடன் கோப்பில் வையுங்க. அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்க. ரிப்பேருக்குப் பஸ்ஸில் எடுத்துப்போக அது வேண்டியிருக்கும்.