நெல்லு மூட்டையை விட நாலு கிலோ கூடுதல்

போன வருசம் மாசி மாதம். கும்பப்பூ அறுப்பு முடிந்து களத்தில் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தோம். மூட்டைக்கு 75 கிலோ என்று எடை போட்டு அடுக்கினார்கள். கடைசி மூட்டையை இறக்கியதும் எடை பார்த்த தம்பி விளையாட்டாக, "யக்கா, நீங்களும் ஒருக்கா ஏறிப் பாருங்க" என்றான். ஏறினேன். தராசு 79 காட்டியது. களத்தில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மை மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒனக்க வயசுல இப்படித்தான் இருந்துது மக்களே" என்றாள்.

அம்மைக்கு வலது காலில் ரெண்டு விரல் கிடையாது. சர்க்கரைப் புண் ஆறாமல் போய் எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே ரத்தம் பார்த்தேன். மூன்று மாதச் சராசரி 6.2. இது 6.5 ஆனால் சர்க்கரை நோய் என்று எழுதிவிடுவார்கள்; 5.7-ஐத் தாண்டினாலே வாசற்படியில் கால் வைத்தாயிற்று என்று கணக்கு. எனக்கு 48 வயது, உயரம் அஞ்சடி ஒரு அங்குலம். படி ஏறினால் முட்டி வலிக்கும். நடவு நேரத்தில் வயலுக்குள் இறங்கிக் குனிந்து ரெண்டு வருசம் ஆகியிருந்தது. வரப்பில் நின்று ஆள் ஏவுவதோடு சரி.

உண்மையைச் சொன்னால் வலியை விட வெட்கம்தான் அதிகம். 11 வருசமாக ரசாயன உரம், பூச்சிமருந்து தொடாத வயல். வீட்டில் கட்டிச்சம்பா அரிசி, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், வெள்ளைச் சீனிக்குப் பதில் கருப்பட்டி. வருகிறவர்களிடம் எல்லாம் 'உணவே மருந்து' என்று பேசுகிறவள். எனக்கு எப்படி இது வந்தது?

இந்தக் கேள்வியை நம் இதழ் படிக்கிற பலரும் தங்களுக்குள் கேட்டிருப்பீர்கள். வெளியே சொல்லத்தான் தயக்கம். அதனால்தான் எழுதுகிறேன்.

விசம் இல்லாத சாப்பாடு என்பது வேறு, அளவான சாப்பாடு என்பது வேறு. நான் ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். பாரம்பரிய அரிசியானாலும் கடை அரிசியானாலும் 100 கிராமில் 350 கலோரிக்குப் பக்கமாக இருக்கத்தான் செய்யும். தவிடு போகாமல் குத்தினால் நார் கிடைக்கும், செரிக்க நேரம் எடுக்கும், கொஞ்சத்தில் வயிறு நிறையும். அது பெரிய லாபம்தான். ஆனால் 'நம்ம அரிசிதானே' என்று ரெண்டு மடங்கு தின்றால் அந்த லாபம் போயே போச்சு. செக்கு எண்ணெயும் அப்படித்தான். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச் சத்து உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் இனிப்புத்தான், ஒரு கிராமுக்கு 4 கலோரிக்குப் பக்கம் வரும். நான் ஒரு நாளைக்கு மூணு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, "நான் சீனியே தொடமாட்டேன்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன்!

நான் மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9. ஆண்கள் 28.2-லிருந்து 37-க்குப் போயிருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-இல் வந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், பக்கத்துக் கேரளத்தில் 25.5. நாமோ 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தவர்கள். இன்றைக்கும் அடுக்களையில் பாதி மலையாளம்தான்.

எங்கள் பக்கத்துச் சமையலைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தீயல், அவியல், எரிசேரி, ஓலன், புளிக்கறி, துவரன் என்று இத்தனை காயை இத்தனை விதமாகச் சமைக்கிற ஊர் குறைவு. ஆனால் அந்தச் சாப்பாடு யாருக்காக வந்தது என்று யோசிக்க வேண்டும். அம்மை காலத்தில் விடியுமுன் நடவுக்குப் போனால் பொழுது சாயத்தான் கரையேறுவார்கள். அறுப்பும் சூடடிப்பும் கையால்; நெல் குத்துவது உலக்கையால்; தண்ணீர் குடத்தால். அந்த உடம்புக்கு ஒரு தேங்காயும் ஒரு குத்துச் சோறும் காணாது. இப்போது அறுப்பு மெசினில், தண்ணீர் மோட்டாரில், அரைப்பது மிக்சியில். உழைப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

மரச்சீனிக் கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் அதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். ரெண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது சனங்களைக் காப்பாற்றியது அந்தக் கிழங்கு. சோறு இல்லாததற்குப் பதிலாக வந்த சாதனம் அது. நாம் அதை அவித்து, தேங்காய் போட்டு மசித்து, சோற்றுக்குத் தொடுகறி மாதிரி வைத்துக்கொள்கிறோம். அது சோற்றுக்குக் கூட இன்னொரு சோறு.

சரி, என்ன செய்தேன்? முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றவில்லை. அளந்து மட்டும் பார்த்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும். நம் கண் நம்மையே ஏமாற்றுகிறது. 'கொஞ்சமாத்தான் தின்னுகேன்' என்று நான் நினைத்த மத்தியானச் சோறு தராசில் 450 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி என்றால் கிட்டத்தட்ட 585. நாலு பேர் இருக்கிற வீட்டில் தினமும் ஒரு தேங்காய். நடுத்தரக் காயில் 250 கிராம் பருப்பு என்று வைத்தாலும் 880 கலோரி, ஆளுக்கு 220. எண்ணெய் மாதம் நாலு லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், அதில் 270.

மூன்றையும் பாதியாக்கினேன், ஒரே நாளில் இல்லை. சோற்றை வாரத்துக்கு ஒரு கரண்டி வீதம் குறைத்து 200 கிராமில் கொண்டுவந்து நிறுத்தினேன். ரெண்டு நாளைக்கு ஒரு தேங்காய். மாதம் ரெண்டு லிட்டர் எண்ணெய். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 550 கலோரிக்கு மேல் மிச்சம். காகிதக் கணக்குப்படி வாரம் அரைக் கிலோ இறங்க வேண்டும். எனக்கு மாதம் முக்கால் கிலோதான் இறங்கியது. கல்யாணம், கொடை, ஓணம் என்று வருகிற நாளெல்லாம் கணக்கில் வராது. எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறையும். மாதம் அஞ்சு கிலோ, எட்டுக் கிலோ என்று பவுடர் விற்கிறவர்கள் சொல்வதை நம்பி எங்கள் ஊரிலேயே ஒரு மைனி பட்டினி கிடந்தாள். குறைந்தது அத்தனையும் ஆறு மாதத்தில் வட்டியோடு திரும்பி வந்தது.

ருசி போய்விடும் என்ற பயம் இருக்கும். போகாது, வழி இருக்கிறது. தீயலுக்கு ஒரு மூடித் தேங்காய் வறுக்கிற இடத்தில் கால் மூடி போதும். ஆனால் அதை நிதானமாக, எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில், நல்ல காப்பி நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். மல்லி ஒரு கரண்டி கூட, வறுத்த சின்ன உள்ளி நாலைந்து சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்தால் கொழுப்பும் நிறமும் வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு ரெண்டு மாதம் வித்தியாசமே தெரியவில்லை. அவியலில் சேனையும் ஏத்தங்காயும் பாதியாக, தடியங்காய், முருங்கைக்காய், வெள்ளரி, பயற்றங்காய் இரட்டிப்பாக. கடைசியில் ஊற்றுகிற பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரே ஒரு சின்னக் கரண்டி, கறிவேப்பிலையோடு, அடுப்பை அணைத்த பிறகு. மணம் அதில்தான் இருக்கிறது. முதலிலேயே ஊற்றுகிற எண்ணெய் வீண். ஓலனுக்கு வன்பயறும் தடியங்காயும் வேகவைத்து, தலைப்பாலை விட்டுவிட்டு ரெண்டாம் பால் மட்டும்.

மீனைப் பொரிப்பதை வாரத்தில் ஒரு நாளாக்கினோம். குளச்சல் சாளை வரும் நாட்களில் மாங்காய் போட்ட புளிக்கறி, இல்லாவிட்டால் மிளகும் உள்ளியும் அரைத்துப் புரட்டி, வாழை இலையில் பொதிந்து தோசைக்கல்லில். சாளையிலேயே நல்ல கொழுப்பு இருக்கிறது. அதற்கு மேல் நாம் ஊற்ற வேண்டியதில்லை.

ராத்திரிக்கு வந்ததுதான் பெரிய மாற்றம்: கஞ்சியும் பயறும். புதிதல்ல, எங்கள் தாத்தா தின்றதுதான். ஆளுக்கு 50 கிராம் சிவப்பரிசி, குழைய விடாமல் நிறையத் தண்ணீரில். கூடவே 30 கிராம் சிறுபயறு தோலோடு வேகவைத்து, வெள்ளைப்பூடு, சீரகம், பச்சைமிளகாய் சதைத்துப் போட்டது. சுட்ட மாங்காயோ நெல்லிக்காயோ வைத்து ஒரு சம்மந்தி, முருங்கையிலைத் துவரன் ஒரு கிண்ணம். எல்லாம் சேர்ந்து 350 கலோரியைத் தாண்டாது, வயிறு முட்ட இருக்கும். முதல் வாரம் ராத்திரி பத்து மணிக்குப் பசித்தது, மறைக்கவில்லை. மோர் குடித்துவிட்டுப் படுத்தேன். மூணாவது வாரம் பசி தானாக அடங்கியது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் காயுமாக 400 கிராம் வேண்டும் என்கிறார்கள். வாசித்ததும் விவசாயி மூளை கணக்குப் போட்டது: நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல், மாதம் 48 கிலோ! சந்தையில் வாங்கினால் கட்டுப்படியாகுமா? எங்கள் வீட்டிலோ காய் நூறு கிராம்கூடத் தேறாது. வயல் முழுக்க நெல், விளை முழுக்கத் தென்னை, காய் மட்டும் வடசேரிச் சந்தையில். இயற்கை விவசாயி வீட்டில் மருந்தடித்த காய்! இதை முதலில் திருத்தினேன். கிணற்றடியில் அஞ்சு சென்டில் வெண்டை, புடலை, பயறு, வழுதலை, தடியங்காய், முளைக்கீரை; வேலியோரம் முருங்கை, பப்பாளி, கோவை. ஐப்பசி அடைமழையில் கீரை முழுக்க அழுகியது. அந்த மாதம் வாழைப்பூ, வாழைத்தண்டு, பப்பாளிக்காய்த் துவரன் வைத்துச் சமாளித்தோம். இடிச்சக்கை கிடைக்கும் மாதங்களில் கவலையே இல்லை. எடை பார்க்கப் போய்த் தோட்டம் வந்தது.

ஓணத்துக்கும் அதன் பிறகு வந்த ரெண்டு கல்யாணத்துக்கும் ஒன்றரைக் கிலோ ஏறியது. ஏத்தங்காய் உப்பேரியை டப்பாவோடு மடியில் வைத்துத் தின்றேன். அது 100 கிராமில் 500 கலோரியைத் தாண்டும் என்று தெரிந்தேதான் தின்றேன். ரெண்டு வாரம் தராசுப் பக்கமே போகவில்லை. அப்புறம் கஞ்சிக்குத் திரும்பினேன். அவ்வளவுதான், அழுது புலம்ப ஒன்றுமில்லை.

நம் கூட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் 'உடல் நலம்' பற்றிப் பேசுகிறோம். மத்தியானம் ரெண்டு பாயசம், வடை, அப்பளம், கருப்பட்டி அல்வா. 'எல்லாம் இயற்கை' என்று இலையில் மேலும் மேலும் வைக்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும்தான் பரிமாறினேன்.

மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் திடீரென்று சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயக்கம் வரும். அம்மைக்கு நான் மாற்றிச் சமைப்பதற்கு முன் மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவைக் கேட்டுக்கொண்டோம். அவளுக்கு எடையைக் குறைப்பது நோக்கமில்லை. பயறும் காயும் கூட, சோறு குறைவு, அவ்வளவே. இடுப்பளவையும் பாருங்கள்: பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது நம் நாட்டு எல்லைக்கோடு. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் வாசற்படியில் நின்றவர்கள் சாப்பாட்டையும் நடையையும் மாற்றியபோது நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கக்கூட இல்லை. தராசு அசையாத மாதங்களில் எனக்கு இதுதான் தைரியம்.

இந்த மாசியில் அதே களம், அதே தம்பி. 70 காட்டியது. என் உயரத்துக்கு 60-க்குக் கீழே வர வேண்டும், இன்னும் தூரம் இருக்கிறது. சராசரிச் சர்க்கரை 5.8. ஒரு கிலோ குறைந்தால் எட்டு வைக்கும்போதெல்லாம் முட்டி மேல் விழுகிற பாரம் நாலு கிலோ குறையுமாம். அதை முட்டியே சொல்கிறது. போன கும்பப்பூ நடவில் ரெண்டு பாத்தி நானே குனிந்து நட்டேன். மூணாவது பாத்தியில் முடியவில்லை, கரையேறிவிட்டேன்.

அம்மை இன்றைக்கும் சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள். "ஏட்டி, ஒரு கை போட்டுக்கிடு."

"வேண்டாம்மா. அந்தத் துவரனை இங்க தள்ளு."